பச்சை எழுத்தை யாரும் படிப்பதில்லை

கோட்டைப்பட்டினத்தில் பவுசியாவின் கம்ப்யூட்டர் கடைக்குப் போய் மவுஸ் எங்கே என்று கேட்ட எல்லோருக்கும் ஒரே பதில்தான் கிடைத்திருக்கிறது. கடலில் கிடக்கிறது, போய் எடுத்துக்கொள் என்பாள். பாதி உண்மைதான் அது. அந்தக் கடைக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மீன் ஏலக் கொட்டகையும் நாலு வீடுகளும் மட்டுமே இருக்கின்றன. இரும்பு கேட்டையே இரண்டு வருஷத்தில் தின்று தீர்க்கிற உப்புக்காற்றுக்கு மவுஸ் எம்மாத்திரம்? ஆறு மாதம் ஒழுங்காக ஓடும். பிறகு ஒரு தடவை அமுக்கினால் இரண்டு தடவை அமுங்கும், இல்லாவிட்டால் அமுங்கவே அமுங்காது. மூன்று மவுஸ் வாங்கிப் பார்த்துவிட்டு, போதும் சாமான் வாங்கிச் செத்தது என்று அதைத் தலை முழுகிவிட்டாள். கீபோர்டுக்கு மட்டும் பிளாஸ்டிக் உறை ஒன்றை மாட்டி, கண் போலப் பார்த்துக்கொண்டாள்.

மவுஸ் இல்லாமல் வேலை ஓடுமா என்றால், அவளுக்கு ஓடியது. சின்ன வயதில் அறந்தாங்கிக்கு பஸ் ஏறிப் போய், தமிழ், இங்கிலீஷ் இரண்டு டைப்ரைட்டிங்கிலும் ஹையர் முடித்தவள். விரல்களைப் பார்க்காமலே அடிப்பாள். விண்ணப்பத்தில் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு டேப் சாவியால் தாவிக்கொண்டே போவாள். கடைசிப் பெட்டி முடிந்ததும் சுண்டுவிரல் தானாக என்ட்டரில் போய் விழும். விண்ணப்பம் போய்விடும். பத்து வருஷமாக இதே கணக்குதான். பக்கத்து ஊர்க் கடைகளில் மவுஸை உருட்டி உருட்டி அரை மணி நேரம் செய்கிற வேலையை அவள் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு, அடுத்த ஆளை வரச் சொல்லுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே, வேறு எதில்தான் அவள் தலைக்கனப்பட முடிந்தது?

பிள்ளை இல்லை. அதைப் பற்றி ஊர் பேசிப் பேசி வாய் வலித்து ஓய்ந்துவிட்டது. புருஷன் ரிஃபாய் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறார். நல்ல மனுஷர், பேச்சு குறைவு. அவளைப் பெற்ற அத்தா வலைக்கடை வைத்திருந்த இடத்தில்தான் இவள் கம்ப்யூட்டர் கடை போட்டாள். பாஸ்போர்ட், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் உதவித்தொகை, வெளிநாடு போகிறவர்களின் மெடிக்கல் என்று கடற்கரை முழுவதும் அவள் விரல் வழியாகத்தான் அரசாங்கத்தோடு பேசியது. ஆண்பிள்ளைகள் கூட வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார்கள்.

அவள் கடைக்கு விண்ணப்பம் எதுவும் இல்லாமலே வந்து உட்காருகிற ஒரே ஆள் ஜெய்னம்பு. பத்தாம் வகுப்பு வரை இரண்டு பேரும் ஒரே பெஞ்ச். பத்து முடிந்த கையோடு ஜெய்னம்புவுக்கு நிக்காஹ் ஆகிவிட்டது. அவள் புருஷன் சாதிக் பாட்சா வெளிநாட்டில் லாரி ஓட்டப் போனவர், ஆறு வருஷத்துக்கு முன்னால் அங்கேயே மாரடைப்பில் மவுத்தாகி, அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டார். முகத்தைக் கூடப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. கையில் ரிஃபானா என்று ஒரு பெண் குழந்தை. புருஷனுக்கான துக்கக் காலமான இத்தா முடிந்ததும் ஜெய்னம்பு மீமிசல் பக்கம் நண்டுக் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். காலை ஆறு மணிக்கு வேன் வரும். அவித்த நண்டை உடைத்துச் சதை எடுக்கிற வேலை. ஓடு கிழித்துக் கிழித்து விரல் நுனியெல்லாம் கோடு கோடாக இருக்கும்.

அந்த விரலால்தான் அவள் ப்ளஸ் டூ எழுதினாள். தனித்தேர்வராக எழுதலாம் என்று சொல்லி, விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பியதே பவுசியாதான். ஜெய்னம்புவுக்கு நம்பிக்கையே இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் அவளை மக்கு என்றுதான் கூப்பிடுவார். பெயரே மறந்துபோகிற அளவுக்குக் கூப்பிட்டார். மாமியார் வீட்டிலும் அதே பட்டம் தொடர்ந்தது. முப்பத்திரண்டு வயதில், நண்டு வாசனையோடு வந்து, பவுசியாவின் கடை மூலையில் பழைய புத்தகங்களை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் படித்தாள். ரிசல்ட் வந்த அன்று அறுநூறுக்கு நானூற்று ஐம்பத்திரண்டு. பவுசியா அதை நாலு தடவை பிரிண்ட் எடுத்தாள். ஜெய்னம்பு நம்பவில்லை, வேறு யாருடைய மார்க்கோ மாறி வந்திருக்கும் என்றாள்.

அதற்கப்புறம்தான் புதுக்கோட்டை அறக்கட்டளையின் அறிவிப்பு வந்தது. ஆஸ்பத்திரி லேப் டெக்னீசியன் பயிற்சி, இரண்டு வருஷம், பிள்ளையோடு தங்க இடம், முடிந்ததும் வேலை. புருஷனை இழந்தவர்களுக்கென்று மூன்று இடம், மார்க் வரிசைப்படி. ஜூலை முதல் தேதி அன்று முப்பத்தைந்து முடிந்திருக்கக் கூடாது. ஜெய்னம்புவுக்கு ஆகஸ்டில் முப்பத்தைந்து முடிகிறது. இந்த வருஷம் விட்டால் இனி இல்லை. ரிஃபானாவை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம், நண்டு ஓட்டைத் தொட வேண்டாம், வெள்ளைக் கோட்டு போடலாம். ஜெய்னம்பு வெள்ளைக் கோட்டைப் பற்றி மட்டும் இரண்டு தடவை கேட்டாள், அவர்களே தருவார்களா என்று.

அந்த அறக்கட்டளையின் விண்ணப்பத்தோடு பவுசியாவுக்குப் பழைய பகை ஒன்று உண்டு. போன வருஷம் கார்த்திகா என்ற பெண்ணுக்காக அதை நிரப்பியபோது, ஒரே ஒரு பெட்டியில் ஏதோ தவறென்று சிவப்பு எழுத்து வந்து, நாற்பது பெட்டியையும் துடைத்துவிட்டது. மறுபடி அடித்தால் கரண்ட் போனது. மூன்றாம் தடவை அடித்து முடித்த கையோடு, விண்ணப்பத்தில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டு, எடுத்த ஆளை ஒரு பிடி பிடித்தாள். ஒரு பெட்டி தப்பென்றால் அந்தப் பெட்டியை மட்டும் சொல்ல வேண்டாமா, ஊரையே கொளுத்துவார்களா, பாதியில் சேமித்துவைக்க ஒரு பட்டன் வைத்தால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று கேட்டாள். எடுத்தவர் பொறுமையாகக் குறித்துக்கொண்டார்.

இந்த வருஷம் அந்தப் பட்டன் வந்திருந்தது. விண்ணப்பத்தின் அடியில், போன வருஷம் 'சமர்ப்பி' என்று ஒன்றே ஒன்று இருந்த இடத்தில், இடப்பக்கம் 'சேமி', வலப்பக்கம் 'சமர்ப்பி' என்று இரண்டு. பவுசியா அதைப் பார்க்காமல் இல்லை. பார்த்தது மட்டுமா, ஜெய்னம்புவுக்கும் காட்டினாள்.

"இது நான் சண்டை போட்டு வாங்குனது புள்ள. ஒனக்காகவே வச்சாப்புல இருக்கு."

கடைசித் தேதிக்கு நாலு நாள் இருந்தது. ஜெய்னம்பு எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்திருந்தாள். அப்படியும் சான்றிதழ்களைத் தொடாமல், பையோடு மேஜையில் வைத்தாள். பவுசியாவுக்கு ஒரே ஒரு பெட்டியில்தான் பயம். கணவரின் இறப்புச் சான்றிதழ் எண். சாதிக்கின் சான்றிதழ் வெளிநாட்டுச் சான்றிதழ். நம் ஊர் எண் போல இருக்காது. எழுத்தும் கோடும் எண்ணும் கலந்து கிடக்கும். எந்த விண்ணப்பத்தில் அடித்தாலும் சிவப்பாகி, சரியான எண்ணைத் தரவும் என்று முரண்டு பிடிக்கும். ரேஷன் கார்டில் பேர் நீக்கவே இரண்டு மாதம் அலைந்தார்கள். அந்தப் பெட்டிக்கு வரும்போது பவுசியா பிஸ்மி சொல்லிவிட்டுத்தான் அடித்தாள். மீதிப் பெட்டிகளையும் முடித்தாள். கடைசிப் பெட்டியில் பின்கோடு. அடித்து முடித்ததும் சுண்டுவிரல் என்ட்டரில் விழுந்தது.

சிவப்பு வரவில்லை. திரை மாறி, உச்சியில் பச்சைப் பட்டை, பச்சை எழுத்து, கீழே ஓர் எண். பவுசியாவின் கடையில் பச்சை வந்து எண்ணும் வந்தால் காரியம் முடிந்தது என்று பொருள். சிவப்பைத்தான் ஆள் ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பான், பச்சையை யார் படிக்கிறார்கள்? அந்தச் சான்றிதழ் எண்ணை முதல் தடவையாக ஒரு விண்ணப்பம் வாயைத் திறக்காமல் விழுங்கியிருக்கிறது. அதுதான் தவறின் அடையாளம் என்று அந்த நிமிஷத்தில் யாருக்குத் தோன்றும்? இரண்டு பேரும் கண் கலங்கிவிட்டார்கள். பவுசியா இரண்டு பிரிண்ட் எடுத்து, ஒன்றைக் கடையில் வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்தாள். ஜெய்னம்பு அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பைக்குள் வைத்தாள்.

ஜூலையில் பட்டியல் வந்தது. ஜெய்னம்பு பெயர் இல்லை.

பவுசியா மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் தேடினாள். பக்கத்தில் நின்ற ஜெய்னம்புவுக்கு அவள் முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. அழவில்லை. எனக்கெல்லாம் எங்கே கிடைக்கப்போகிறது, நீதான் தூக்கிவைத்துப் பேசினாய், நானூற்றி ஐம்பதெல்லாம் டவுன் பிள்ளைகளுக்கு ஒரு மார்க்கா என்று இவளுக்கே ஆறுதல் சொன்னாள். அதோடு நிற்கவில்லை, உன்னை வீணாக அலைக்கழித்துவிட்டேன் என்று மறுநாள் ஒரு டப்பா நண்டுச் சதை கொண்டுவந்து கொடுத்தாள். பவுசியா அதை அப்படியே ரிஃபாய்க்கு எடுத்து வைத்தாள்.

இரண்டு வாரம் கழித்து மார்க் விவரத்தோடு முழுப் பட்டியலும் வெளிவந்தது. புருஷனை இழந்தவர்களுக்கான மூன்று இடம்: நானூற்று முப்பத்தொன்று, நானூற்றுப் பத்து, முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு. பவுசியா அதை இரண்டு தடவை பார்த்தாள். உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. யாரோ வேண்டிய ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள், ஏழைப் பெண் என்று ஏமாற்றிவிட்டார்கள் என்று முடிவுகட்டி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போன் போட்டாள்.

எடுத்தவர் பெயர் சிவபிரகாஷ். விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரில் செய்தவரே அவர்தானாம். பவுசியா கத்தி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை. எண்ணைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

இந்த விண்ணப்பம் எங்களுக்கு வரவே இல்லை என்றார். சேமித்துவைத்த விண்ணப்பங்களோடு கிடக்கிறது, சமர்ப்பிக்கவில்லை என்றார். பவுசியா சமர்ப்பித்தேன் என்றாள். பச்சை வந்தது, எண் வந்தது, பிரிண்ட் இருக்கிறது என்றாள்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. சமர்ப்பிங்கிற பட்டனை மவுஸால அமுக்குனீங்களா?"

"என்ட்டர் அடிச்சேன்."

சிவபிரகாஷ் நிதானமாகச் சொன்னார். ஒரே விண்ணப்பத்தில் இரண்டு பட்டன் இருந்தால், என்ட்டர் அடிக்கும்போது முதலில் இருக்கிற பட்டனைத்தான் அது எடுத்துக்கொள்ளும். இந்த வருஷம் முதலில் இருப்பது சேமி. சேமிப்பது பாதியில் செய்கிற வேலை என்பதால், பெட்டிகள் சரியா தவறா என்று அது பார்க்காது. எதை அடித்தாலும் வாங்கி வைத்துக்கொண்டு பச்சை காட்டும். சமர்ப்பியை அமுக்கியிருந்தால்தான் சோதனை நடந்திருக்கும். அந்தச் சான்றிதழ் எண்ணுக்குக் கட்டாயம் சிவப்பு வந்திருக்கும்.

"அப்படி ரெண்டு பேருக்கு வந்துச்சு மேடம். போன் பண்ணாங்க, நான் அந்த எண்ணை ஏத்துக்கிற மாதிரி தெறந்து விட்டேன். நீங்களும் பண்ணியிருப்பீங்க. தப்பு எம்மேலயும் இருக்கு, சமர்ப்பியை முதல்ல வச்சிருக்கணும், இல்ல என்ட்டரை நிறுத்தியிருக்கணும். போன வருஷம் யாரோ ஒருத்தங்க போன் பண்ணி, சேமிக்க ஒரு பட்டன் வேணும்னு ரொம்ப வருத்தப்பட்டாங்க. அதுக்காக அவசரமா சேர்த்தேன்."

அந்த யாரோ ஒருத்தி யார் என்று பவுசியா சொல்லவில்லை. இப்போது ஏதாவது செய்ய முடியுமா என்று மட்டும் கேட்டாள். சேர்க்கை முடிந்து வகுப்பும் தொடங்கிவிட்டது, நான் கேட்டுப் பார்த்தாலும் நடக்காது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். நல்ல மனிதராக இருந்து தொலைத்தார். சண்டை போடக்கூட ஆள் இல்லாமல் போயிற்று.

போனை வைத்துவிட்டுத் தன்னிடமிருந்த விண்ணப்ப நகலை எடுத்துப் பார்த்தாள். எண்ணுக்கு அடியில், சின்ன எழுத்தில், பச்சையில் இருந்தது: உங்கள் விவரங்கள் சேமிக்கப்பட்டன, விண்ணப்பம் இன்னும் சமர்ப்பிக்கப்படவில்லை. தமிழில்தான் இருந்தது. கடைசித் தேதிக்கு நாலு நாள் மிச்சம் இருந்தபோதே இருந்தது. இதே தாள் ஜெய்னம்புவின் பைக்குள்ளும் அத்தனை நாள் இருந்திருக்கிறது. பவுசியா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதாள். படிக்கத் தெரிந்தவள் என்று ஊரே கையில் தாளைக் கொடுக்கிறது, அவள் ஒரு வரியைப் படிக்கவில்லை.

அன்றைக்கே ஜெய்னம்புவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் போனாள். வாசல் வரை போய், ரிஃபானா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, சும்மா வந்தேன் என்று திரும்பிவிட்டாள். மறுநாள் ஜெய்னம்புவுக்குத் தலைவலி. அதற்கடுத்த நாள் கடையில் கூட்டம். பயந்தவளுக்குக் காரணமா கிடைக்காது? ஆறிப்போன காயத்தை எதற்குக் கீற வேண்டும், சொல்லி என்ன சீட்டா வரப்போகிறது என்று இரண்டொரு நாள் தன்னையே ஏமாற்றிக்கொண்டாள். ரிஃபாயிடம் சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு, இதை எனக்குச் சொல்லி என்ன செய்ய, அந்தப் பிள்ளையிடம் போய்ச் சொல்லு என்றார். வழக்கம்போல அவ்வளவுதான் பேசினார்.

பதினோராம் நாள் ரிஃபானா பள்ளிக்கூட வேலைக்கு ஏதோ படம் பிரிண்ட் எடுக்கக் கடைக்கு வந்தாள். பன்னிரண்டு வயது, வாயாடி. அம்மா புத்தகத்தையெல்லாம் பழைய பேப்பர்க்காரனிடம் போட்டுவிட்டது என்றாள். கணக்கு கேட்டால் இப்போதெல்லாம் சொல்லித் தருவதில்லை என்றாள்.

"கேட்டா, அம்மா மக்குடீ, அதான் சீட்டு குடுக்கல, நீ டீச்சர்ட்டயே கேளுங்குது மாமி. நல்லாத்தான் சொல்லிக் குடுக்கும் முன்னாடி."

பவுசியா அன்று ராத்திரி கண் மூடவில்லை. விடிந்ததும் மார்க் பட்டியலை ஒரு பிரிண்ட் எடுத்துக்கொண்டு, நண்டுக் கம்பெனி வேன் வருகிற முக்குக்கு நடந்தாள். ஜெய்னம்பு மட்டும் வந்திருந்தாள். சோற்று வாளியைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றாள். இவளைக் கண்டதும் என்னடி இந்நேரத்தில் என்று சிரித்தாள். பவுசியா முன்னுரை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. வைத்தால் மறுபடி ஓடிவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். என்ட்டர் அடித்ததையும், இரண்டு பட்டனில் அது எதை எடுத்துக்கொண்டது என்பதையும், அந்தப் பட்டனைக் கேட்டு வாங்கியதே தான்தான் என்பதையும், பச்சை எழுத்தைப் படிக்காததையும் ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லிவிட்டுப் பட்டியலை நீட்டினாள்.

ஜெய்னம்பு தாளை வாங்கினாள். அந்த மூன்று மார்க்கின் மேலும் விரலை வைத்து, மெதுவாகப் படித்தாள். ஒவ்வொன்றையும் வாய்க்குள் தன்னுடைய மார்க்கோடு வைத்துப் பார்ப்பது தெரிந்தது.

"அப்ப எம் மார்க்கு பத்துச்சா?"

"பத்துச்சு ஜெய்னு. மூணுல மொத ஆளே நீதான் வந்துருப்ப."

"நெசமாவா?"

பவுசியா தலையை மட்டும் ஆட்டினாள். ஜெய்னம்புவின் முகத்தில் அப்போது ஒரு சந்தோஷம் வந்தது. பவுசியா எதற்கு வேண்டுமானாலும் தயாராக வந்திருந்தாள், ஏச்சுக்கு, அழுகைக்கு, மண்ணை வாரித் தூற்றுவதற்குக் கூட. இந்தச் சந்தோஷத்துக்கு மட்டும் தயாராக வரவில்லை. அதைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அது வந்த வழியே போய்விட்டது. ஜெய்னம்பு தாளிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"ஒனக்கு எப்பத் தெரியும் இது?"

"பன்னெண்டு நாளாச்சு."

தூரத்தில் வேனின் ஹாரன் கேட்டது. ஜெய்னம்பு குனிந்து வாளியை எடுத்துக்கொண்டாள். பவுசியா அவள் கையைப் பிடித்தாள். மன்னிச்சுரு என்றாளா, வாயசைத்தாளா என்பது அவளுக்கே நினைவில்லை. ஜெய்னம்பு கையை உதறவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"பட்டனை விடு. கை தப்புறது யாருக்கும் வாரதுதான். பன்னெண்டு நாளா எம்புள்ளட்ட, அம்மா மக்குடீ, என்னயப் போல ஆயிராதன்னு சொல்லிக்கிட்டுக் கெடந்தேன் பவுசி. அதையாச்சும் நீ நிறுத்தியிருக்கலாம்ல?"

வேன் வந்து நின்றது. உள்ளே இருந்த பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். ஜெய்னம்பு பட்டியலை நாலாக மடித்து, நண்டுத் தண்ணீர் படாத இடமாகப் பார்த்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு ஏறினாள். சாயங்காலம் ரிஃபானாவுக்குக் காட்ட வேண்டும் என்று யாரிடமோ சொல்வது கேட்டது. வேன் மீமிசல் ரோட்டில் திரும்பிப் போயிற்று. பவுசியா கடைக்குப் போக மனமில்லாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.